கண்கட்டு வித்தையும் கடல் முயலும்

கோடை விடுமுறை தொடங்கியதும் ஊருக்கு ஊர் திருமண மண்டபங்களிலும் பள்ளிக் கூடங்களிலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மேடையில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை. கண்களை மூடிய கறுப்புத் துணிக் கவசம். பயிற்சியாளர் ஒரு வண்ணச் சீட்டை நீட்டுகிறார். பிள்ளை அதை மூக்கருகே கொண்டுபோகிறது, முகர்ந்து பார்க்கிறது, தலையைச் சற்றே நிமிர்த்துகிறது, "சிவப்பு" என்கிறது. சரியான விடை. அரங்கம் கைதட்டுகிறது. அடுத்து ரூபாய் நோட்டில் இருக்கும் எண், பிறகு கதைப் புத்தகத்தில் ஒரு வரி. முன்வரிசைப் பெற்றோர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே, வெளியே மேசையில் இருக்கும் விண்ணப்பப் படிவத்தை நினைத்து மனக்கணக்குப் போடுகிறார்கள்.

மலேசியாவில் பரவிய பிறகு இந்தியாவுக்கு வந்து சேர்ந்த இந்தச் சரக்கின் பெயர் 'மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்'. பிள்ளையின் மூளைக்கு நடுவில் உறங்கிக்கொண்டிருக்கும் ஒரு பகுதியை இரண்டு நாள் வகுப்பில் எழுப்பிவிட்டால் நினைவாற்றல் கூடும், கவனம் கூடும், கண்ணில்லாமலும் பார்க்கலாம் என்பது வாக்குறுதி. பல ஆயிரம் ரூபாய் கட்டணம். கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் பணக்காரர்கள் அல்லர். பிள்ளையின் படிப்புக்காக எதையும் விட்டுக்கொடுக்கத் துணிந்த நடுத்தரக் குடும்பத்தினர்.

நடுமூளை என்று ஒன்று இருப்பது உண்மைதான். மூளைத்தண்டின் மேல்முனையில், ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு இருக்கிறது. அது உறங்குவதில்லை. விபத்தில் அடிபட்டு வந்தவரின் கண்ணில் மருத்துவர் டார்ச் அடித்து, பாவை சுருங்குகிறதா என்று பார்ப்பாரே, அப்போது அவர் சோதிக்கும் நரம்புப் பாதை நடுமூளை வழியாகத்தான் போகிறது. பக்கத்தில் பட்டாசு வெடித்தால் தலை தானாகத் திரும்புவதும், விழிகள் இரண்டும் ஒருசேர மேலும் கீழும் அசைவதும் அதன் வேலைகளில் சில. அங்கிருக்கும் கருநிற நரம்பணுக்கள் பெருமளவில் அழிந்துபோனால் வருவது பார்க்கின்சன் நோய். பகுதி முழுவதும் கடுமையாகச் சேதமடைந்தால் கோமா. மேடைக்கு நடந்தே ஏறி வந்த பிள்ளைக்கு நடுமூளை ஏற்கெனவே நன்றாக வேலை செய்துகொண்டிருக்கிறது என்று எந்த நரம்பியல் மருத்துவரும் காசு வாங்காமலே சொல்லிவிடுவார்.

அப்படியானால் சிவப்பு எப்படித் தெரிந்தது? மூக்கோரத்தில். கண்ணை எப்படிக் கட்டினாலும் மூக்குத்தண்டின் இருபுறமும் ஓர் இடுக்கு இருக்கும். தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக் கீழே பார்த்தால் கையிலிருக்கும் காகிதம் தெரியும். இதில் புதுமை ஏதும் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த ரோசா குலெஷோவா என்ற பெண் விரல் நுனியால் நிறங்களையும் அச்செழுத்தையும் படிக்கிறார் என்று உலகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. கணிதப் புதிர்களுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1966-இல் 'சயின்ஸ்' இதழில் அந்த வகைக் காட்சிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மூக்கோரமாக எட்டிப் பார்ப்பது மந்திரவாதிகளின் பழைய கைவேலை என்று அதில் விளக்கினார். நம் நாட்டில் மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இந்த வகுப்புகளை ஆண்டுக்கணக்கில் பொதுமேடைகளில் அம்பலப்படுத்தி வந்திருக்கிறார். இடுக்கை அடைத்தால் அற்புதம் நின்றுவிடுகிறது.

இதைச் சிறு ஏமாற்று என்று விட்டுவிடலாம்தானே, குடி கெடுக்கும் காரியமா என்று சிலர் கேட்கக்கூடும். மேடையில் நிற்கும் பிள்ளையின் உண்மையான நடுமூளையில் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் அப்படி விட்டுவிட மனம் வராது.

சுவிட்சர்லாந்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் மின்துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு வாயில் விழுந்தால் அந்த அணுக்கள் படபடவென்று துடித்தன. ஒரு விளக்கு எரிந்த பிறகே சாறு வரும் என்று குரங்கு பழகியதும் துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது, சாறு வந்தபோது எந்தச் சலனமும் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனாலோ, சரியாக அது வந்திருக்க வேண்டிய நொடியில் அணுக்கள் அடங்கிப்போயின. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த அணுக்கள் ஓயாமல் கணக்கிடுகின்றன, அந்தக் கணக்கைக் கொண்டே மூளை கற்றுக்கொள்கிறது என்று ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மான்டேகு ஆகிய மூவரும் 1997-இல் எழுதிய கட்டுரை சொன்னது. இன்றைய செயற்கை நுண்ணறிவு நிரல்களின் ஒரு பெரும் கிளையும் இதே கணக்கைத்தான் போடுகிறது.

ஆக, மேடையில் நிற்கும் பிள்ளையின் நடுமூளை உண்மையிலேயே சுறுசுறுப்பாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. இடுக்கு வழியாகப் பார்த்தால் கைதட்டல் கிடைக்கும், அம்மாவின் முகம் மலரும், பார்த்ததைச் சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது என்பதே அது கற்கும் பாடம். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்ன பிள்ளையை 'இன்னும் முயற்சி செய்' என்று தட்டிக்கொடுத்து, இரண்டாம் நாள் அதே பிள்ளை நடிக்கத் தொடங்கியதும் பாராட்டும் வகுப்பு இது. குற்றம் பிள்ளையுடையது அன்று. பெரியவர்கள் பணம் கட்டிக் கற்றுக்கொடுத்த பொய் அது.

உண்மையிலேயே பார்வையில்லாத பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றும் பவன் சின்ஹா தொடங்கிய 'பிரகாஷ்' திட்டம் இதற்கு அருமையான விடைகளைத் தந்திருக்கிறது. வட இந்தியக் கிராமங்களில் பிறவியிலேயே கண்புரையோடு வளர்ந்து, அறுவை சிகிச்சை கிடைக்காமலே போன பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, டெல்லி மருத்துவமனையில் அவர்களுக்குப் பார்வை கொடுத்து, பிறகு அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்று கூர்ந்து கவனிப்பது அந்தத் திட்டம். மருத்துவமும் ஆராய்ச்சியும் கைகோத்த அரிய முயற்சி.

அந்தத் திட்டம் சோதித்த கேள்விகளில் ஒன்று மிகப் பழையது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்துக்காரரான வில்லியம் மோலினோ, தத்துவவாதி ஜான் லாக்கிடம் ஒரு கேள்வி கேட்டார். பிறவிப் பார்வையற்ற ஒருவர், கனசதுரத்தையும் கோளத்தையும் தொட்டுப் பிரித்தறியத் தெரிந்தவர், திடீரென்று பார்வை பெற்றால், தொடாமலே எது எது என்று சொல்லிவிடுவாரா? முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தத்துவவாதிகள் நாற்காலியில் அமர்ந்தபடியே வாதாடிய கேள்வி. 2011-இல் சின்ஹாவின் குழு 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்த முடிவை வெளியிட்டது. கட்டு அவிழ்த்த சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள், விளையாட்டுக் கட்டை ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கண்முன் வைத்த இரண்டில் எது அது என்று சொல்ல வேண்டும். தொட்டதை மறுபடி தொட்டு அறிவதில் அவர்கள் கிட்டத்தட்டப் பிழையே செய்யவில்லை. தொட்டதைக் கண்ணால் அறிவதில் ஏறத்தாழ 58 விழுக்காடு. குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி சரியாக வரும் சோதனையில் இது அதிகமில்லை. கண் திறந்திருந்தது, ஒளி உள்ளே போனது, விழித்திரையில் பிம்பம் விழுந்தது. ஆனாலும் தெரியவில்லை. பிறகு மறுசோதனை செய்ய முடிந்த பிள்ளைகள், எந்தத் தனிப் பயிற்சியும் இல்லாமல் வீட்டில் வளைய வந்த சில நாட்களிலேயே, நன்றாகத் தேறியிருந்தார்கள்.

கண்ணிருந்தும் பார்ப்பதற்குப் பழக வேண்டியிருக்கிறது. தோலால் 'பார்ப்பதும்' முடியாத காரியம் அன்று. 1969-இல் பால் பாக்-இ-ரீட்டா என்ற அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் பழைய பல் மருத்துவ நாற்காலி ஒன்றின் முதுகுப் பலகையில் 400 அதிர்வு முனைகளைப் பொருத்தி, அவற்றை ஒரு தொலைக்காட்சிக் கேமராவோடு இணைத்தார். கேமராவில் விழும் பிம்பம் உட்கார்ந்திருப்பவரின் முதுகில் அதிர்வுப் புள்ளிகளாகப் பதியும். நீண்ட பயிற்சிக்குப் பிறகு பார்வையற்றவர்கள் தொலைபேசியையும் முகங்களையும்கூட அடையாளம் கண்டார்கள். கேமராவைத் தாங்களே திருப்பி அசைக்க முடிந்தபோதுதான் அது கைகூடியது. அதிர்வு முதுகில் இருப்பதாகத் தோன்றாமல், பொருள் எதிரே இருப்பதாகத் தோன்றத் தொடங்கியது. இது அற்புதம் இல்லையா? இதில் கேமராவும் கம்பியும் பல மணி நேர உழைப்பும் இருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால், பலகையில் எழுதி விற்பதற்கு 'இரண்டு நாளில்' என்ற சொல் இங்கே கிடைக்காது.

பெற்றோர் உண்மையில் வாங்க நினைப்பது கண்கட்டிப் படிக்கும் திறமையை அன்று. படித்தது பிள்ளைக்கு மறக்காமல் இருக்க வேண்டும், அதைத்தான் கேட்கிறார்கள். நியாயமான ஆசை. அதற்கும் நரம்பியலிடம் விடை இருக்கிறது. அந்த விடை ஒரு கடல் நத்தையிடமிருந்து வந்தது.

எரிக் கண்டெல் 1929-இல் வியன்னாவில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி ஒன்பது வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். மனநல மருத்துவம் படிக்கப் போனவர் நினைவு எங்கே இருக்கிறது என்று தேடப் புகுந்தார். மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள். அதில் எங்கே தேடுவது? ஓடு வெளியே தெரியாத, கைக்கு அடங்காத அளவுக்குப் பெரிதாக வளரும் 'அப்ளைசியா' என்ற கடல் நத்தையை, அதாவது கடல் முயலை, அவர் தேர்ந்தெடுத்தார். அதற்கு மொத்தமே 20,000 நரம்பணுக்கள். சில அணுக்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை. நத்தையைக் கட்டிக்கொண்டு அழுதால் வாழ்க்கை வீணாகும் என்று மூத்தவர்கள் சிலர் எச்சரித்தார்கள். 2000-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கடல் முயலின் நீர்க்குழலை மெல்லத் தொட்டால் அது செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொண்டே இருந்தால், இதில் ஆபத்தில்லை என்று கற்றுக்கொண்டு இழுப்பதை விட்டுவிடும். ஒரே அமர்வில் நாற்பது முறை தொட்டபோது அந்தப் பாடம் ஒரு நாள் நினைவில் இருந்தது. அதே நாற்பதை நாளுக்குப் பத்தாக நான்கு நாள் பிரித்துத் தொட்டபோது வாரக்கணக்கில் நின்றது. தொட்ட எண்ணிக்கை ஒன்றுதான். இடையில் விட்ட நேரம் மட்டுமே வேறு.

அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதைக் கண்டெலின் கூட்டாளிகள் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தொடுகையை உணரும் ஒரு நரம்பணு, அடுத்த அணுக்களோடு பேசுவதற்கு ஏறத்தாழ 1,300 முனைகளை வைத்திருக்கிறது. மின்னதிர்ச்சி கொடுத்துப் பயமுறுத்தி, நாட்கணக்கில் இடைவெளி விட்டுப் பழக்கிய விலங்குகளில் அது 2,700 வாக்கில் உயர்ந்திருந்தது. ஆபத்தில்லை என்று பழகிய விலங்குகளில் 850 வரை குறைந்திருந்தது. குறுகிய கால நினைவு என்பது ஏற்கெனவே இருக்கும் இணைப்பில் வேதிப்பொருள் கூடிக் குறைவது. நீண்ட கால நினைவுக்கு அணுவின் கருவுக்குச் செய்தி போக வேண்டும், அங்கே மரபணுக்கள் முடுக்கப்பட வேண்டும், புதுப் புரதம் உருவாக வேண்டும், அதைக் கொண்டு புது முனைகள் முளைக்க வேண்டும். புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினால் குறுகிய நினைவு உருவாகும், நீண்டது உருவாகாது. இந்த வேலைக்கு மணிக்கணக்கில் ஆகும். எந்தப் பயிற்சியாளராலும் அதை விரட்ட முடியாது. நேற்று போட்ட கான்கிரீட் இன்றைக்கு இறுகவில்லை என்று மேஸ்திரியைத் திட்டிப் பயனில்லை.

நத்தைக்குச் சரி, மற்றவற்றுக்கு? 1994-இல் டிம் டல்லியின் குழு பழ ஈக்களுக்கு ஒரு வாசனையோடு மின்னதிர்ச்சியைச் சேர்த்துப் பத்துமுறை பாடம் நடத்தியது. ஓய்வே இல்லாமல் பத்தும் அடுத்தடுத்து நடத்திய ஈக்கள் சில நாளில் மறந்தன. ஒவ்வொரு பாடத்துக்கும் இடையே 15 நிமிடம் ஓய்வு கொடுத்த ஈக்கள் ஒரு வாரம் கழித்தும் அந்த வாசனையிலிருந்து ஒதுங்கின.

மனிதர்களிடமும் இந்தப் போக்கு புதிதன்று. ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, பிரித்துப் படிப்பது மேல் என்று 1885-லேயே எழுதிவிட்டார். இன்னொரு சோதனை பெற்றோரும் ஆசிரியரும் அறிய வேண்டியது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006-இல் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு பத்திகளைக் கொடுத்தார்கள். ஒன்றை அவர்கள் இரண்டு முறை படித்தார்கள். மற்றதை ஒருமுறை படித்துவிட்டு, பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் திரும்பப் படித்த பத்தியே முந்தியது. ஒரு வாரம் கழித்து வைத்தபோது அதில் 42 விழுக்காடு நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்த பத்தியில் 56. உடனே பார்த்தால் தோற்கும் முறை ஒரு வாரத்தில் ஜெயிக்கிறது. உடனடிப் பலனைக் கேட்கும் பெற்றோரிடம் இதை விற்பது கடினம்தான்.

இங்கே நம் பள்ளிகளைப் பற்றிப் பேசாமல் முடியாது. தமிழ்நாட்டின் தங்கிப் படிக்கும் பள்ளிகள் பலவற்றில் விடியற்காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும், இரவு பத்து, பதினொன்று வரை 'ஸ்டடி' நடக்கும். தினமும் சிறு தேர்வு. இந்தத் தினத் தேர்வைப் பலரும் திட்டுவார்கள். மேலே சொன்ன ஆய்வின்படி அதில் தவறில்லை, நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நல்லதே. தேர்வை மதிப்பெண்ணாகவும் தண்டனையாகவும் மாற்றியதும், ஒரே பாடத்தை ஒரே வாரத்தில் நாற்பது முறை எழுதவைப்பதும், அதற்காகத் தூக்கத்தை வெட்டியதும்தான் கோளாறு. 1994-இல் அரிசோனாவில் மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் எலிகளின் ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியில் மின்துடிப்புகளைப் பதிவு செய்தார்கள். விழித்திருந்தபோது சேர்ந்து துடித்த நரம்பணுக்கள், எலி பிறகு உறங்கும்போதும் சேர்ந்தே துடித்தன. பகலில் நடந்த வழியை உறக்கத்தில் மூளை மறுபடி நடந்து பார்க்கிறது என்று அதற்குப் பின் வந்த ஏராளமான ஆய்வுகள் உறுதிப்படுத்தின. நள்ளிரவு வரை விழித்துப் படிக்கும் பிள்ளை, அந்த மறுபயிற்சி நேரத்தைத்தான் இழக்கிறது.

விஞ்ஞானிகளே புனிதர்கள், வியாபாரிகளே திருடர்கள் என்று இதைப் பிரித்துவிடவும் முடியாது. 1993-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சின்னக் கட்டுரை, மொசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட 36 கல்லூரி மாணவர்கள் காகிதம் மடித்து வெட்டும் புதிர்களைச் சற்றே நன்றாகச் செய்தார்கள் என்றது. பலன் 15 நிமிடத்துக்குள் மறைந்துவிட்டது என்றும் அதே கட்டுரை சொன்னது. அதிலிருந்து 'குழந்தைக்கு மொசார்ட் போட்டால் அறிவாளி ஆகும்' என்ற தொழில் கிளம்பி, 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்கக் கேட்கும் அளவுக்குப் போனது. அந்த ஆய்வில் ஒரு குழந்தைகூட இல்லை. வலது மூளை, இடது மூளை என்று பிரித்து விற்பதும் இதே கதை. ரோஜர் ஸ்பெரி, மூளையின் இரு பாதிகளுக்கு இடையிலான இணைப்பு துண்டிக்கப்பட்ட நோயாளிகளிடம் நடத்திய நுட்பமான ஆய்வை, ஆளுக்கொரு மூளைப் பக்கம் என்ற ஜாதகமாக மாற்றிவிட்டார்கள். கைரேகையை ஸ்கேன் செய்து பிள்ளை டாக்டரா இன்ஜினீயரா என்று சொல்லும் வணிகமும் அதே கடைத்தெருவில் நடக்கிறது. ஆய்வாளர்கள் தங்கள் முடிவுகளைத் தமிழில், பெற்றோருக்குப் புரியும்படி சொல்ல வராத இடத்தில் இவர்கள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அரசு செய்யக்கூடியவை உண்டு. பயிற்சி மையங்களின் பொய் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தேர்ச்சி விகிதம், முதலிடம், உத்தரவாதமான வேலை என்றெல்லாம் பொய்யாகச் சொல்வதை அது குறிவைக்கிறது. 'நினைவாற்றல் பத்து மடங்கு' என்பதும் அதே தரத்துப் பொய்தான். மூளையின் பேரால் செய்யப்படும் இத்தகைய வாக்குறுதிகளையும் வெளிப்படையாகப் பெயர் சொல்லி அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறை இன்னும் எளிதாக ஒன்றைச் செய்யலாம். அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, தன் கூடத்தை இந்த வகுப்புகளுக்கு வாடகைக்கு விடுவதே பெற்றோர் கண்ணில் நற்சான்றிதழ் ஆகிவிடுகிறது. அந்த நற்சான்றிதழை நிறுத்தலாம்.

தடை என்றதும் 'நிரூபிக்க வாய்ப்பே தரவில்லை' என்று அவர்கள் கூவுவார்கள். வாய்ப்பு தரலாம். நீச்சல் கண்ணாடி ஒன்றின் உட்புறம் முழுக்கக் கறுப்பு ஒட்டுநாடா ஒட்ட வேண்டும். வண்ணச் சீட்டுகள் இருபதை வெளியாள் ஒருவர் கலைத்துக்கொள்ள வேண்டும். சீட்டை மடியில் வைக்காமல் தலைக்குப் பின்னால் பிடிக்க வேண்டும். பிள்ளையை அவமானப்படுத்தாமலிருக்க, பார்வையாளர் இல்லாமல், கைபேசி இல்லாமல், ஓர் அறிவியல் ஆசிரியரும் ஒரு மேஜிக் கலைஞரும் மட்டும் உடனிருந்து இதை நடத்தலாம். அரை மணி நேரம்கூட ஆகாது, செலவு நூறு ரூபாயைத் தாண்டாது. இதற்குச் சம்மதிக்காத நிறுவனத்துக்குப் பள்ளி நிர்வாகம் கூடத்தின் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை.